ஓரிக்ஸா ஜென்ட்ராவா: ஒரு நடுநிலையான ஒப்பீடு

போன் வாங்க வருகிறவர்கள் முதலில் கேமராவைத்தான் கேட்கிறார்கள். அது தவறு, மேடம். முதலில் கேட்க வேண்டியது பேட்டரி. எப்பேர்ப்பட்ட கேமராவும் சார்ஜ் தீர்ந்துவிட்டால் வெறும் கண்ணாடித் துண்டுதான். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்ட நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, "செல்பி வெள்ளையா விழுமாண்ணே?" என்பார்கள். விழும் என்பேன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத வெள்ளையில் விழும்.

ஸ்டேஷன் ரைட்டர் பாண்டி சார் எழுதுவதற்கு வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், போன்களின் பெயரைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். ஒன்று ஓரிக்ஸ் நியோ, இன்னொன்று ஜென்ட்ரா செவன். முதலில் எழுதிய அறிக்கையில் 'செல்போன் ஒன்று' என்று மொட்டையாக இருந்தது. இறந்துபோன ஒருவன் கடைசியாகக் கையில் பிடித்திருந்த பொருளை அப்படியா குறிப்பிடுவது? எனக்கே வருத்தமாக இருந்தது.

என் பெயர் சோலைராஜ். நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் விக்னேஷ்வரனும் சேர்ந்து யூடியூபில் ஒரு சேனல் நடத்தினோம். 'ரெண்டு ஊரு ரெண்டு போனு' என்று பெயர். யோசனை என்னுடையது, பெயர் அவன் வைத்தது. எல்லோரும் பெயரைத்தான் பாராட்டினார்கள். ஒரே விலையில் வந்து மோதும் இரண்டு போன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ராஜபாளையத்துக்காரன் என்ற முறையில் நான் வக்கீல். மற்றதற்குத் தேரடிப் பக்கம் கடை வைத்திருந்த அவன் வக்கீல். சென்னைக்காரர்களைப்போல வாடகைக்கு ஸ்டுடியோ எல்லாம் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஜூம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஆண்டாள் கோவில் கோபுரம் இருந்தது. எந்தத் தெருவிலிருந்து எடுத்தால் உச்சிக் கலசம் கலங்காமல் விழுகிறது என்பதே எங்கள் அளவுகோல். வெள்ளை நிறம் நீலம் பாயாமல் வருகிறதா என்று பார்க்க எங்கள் ஊர் பேண்டேஜ் துணி. ராஜபாளையம் நாயின் மூக்கு ரோஸ் நிறத்திலேயே வருகிறதா என்பது இன்னொரு சோதனை. மிகக் கிட்டத்தில் எடுக்கும் படத்துக்குப் பால்கோவா. படம் எடுத்து முடித்ததும் சோதனைப் பொருளை அவனே தின்றுவிடுவான். அதற்கும் மக்கள் இருதயப் படம் போட்டார்கள்.

ஒப்பீடு என்றால் நிபந்தனைகள் ஒன்றாக இருக்க வேண்டும். இதை நாங்கள் 'சமப்படுத்துவது' என்போம். நாங்கள் என்றால் நான்தான். இரண்டு போனிலும் ஒரே கம்பெனியின் புது சிம், ஒரே திரை வெளிச்சம். பழைய எண்கள் எதுவும் ஏற்றாத வெறும் போன். இதில் அதன் எண், அதில் இதன் எண், அவ்வளவுதான். இருப்பிடத்தைக் காட்டும் வசதி, மழை வெள்ளம் என்றால் அலறும் அரசாங்க எச்சரிக்கை, பவர் பட்டனை விடாமல் அழுத்தினால் வேண்டியவர்களைக் கூப்பிடும் அவசர உதவி, இவையெல்லாம் பின்னால் உட்கார்ந்து பேட்டரியைத் தின்கிற சமாச்சாரங்கள். அணைத்துவிடுவேன். சொந்தப் போன்களை என் கடையிலேயே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கையில் இருந்தால் அவன் சோதனைப் போனை விட்டுவிட்டு அதை நோண்டிக்கொண்டிருப்பான். அன்றைக்கும் இதே முறைதான். இரண்டு போனிலும் அணைத்தேன். இரண்டிலும் என்று எழுதிக்கொள்ளுங்கள், பாண்டி சார். ஒருதலைப்பட்சமாக எதுவும் நடக்கவில்லை.

அந்தப் பட்டப்பெயரைப் பற்றி நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோவில் நான் பிராசஸரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை கோர், சூடேறினால் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து அளந்த கணக்கு. அவன் குறுக்கே வந்து, "அண்ணாச்சி, போனை வெளிய எடுத்து அம்புட்டு நேரம் ஆச்சு. இன்னும் அட்டைப்பெட்டியவே வாசிச்சிட்டு இருக்கீக?" என்றான். நானும் சிரித்தேன். வேண்டுமானால் வீடியோவில் பாருங்கள், முதலில் சிரித்தது நான்தான்.

அன்று முதல் எனக்குப் பெயர் 'அட்டைப்பெட்டி அண்ணாச்சி'. கமெண்டுகளில் அட்டைப்பெட்டி. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "அட்டைப்பெட்டிக்கு லக்கேஜ் போடணுமா அண்ணாச்சி?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரிய மனிதர் என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போனார். வரதட்சணைப் பேச்சு என்று நினைத்தேன். "அந்த அட்டைப்பெட்டி நீங்கதானே?" என்று கேட்டுத் தோளில் கைபோட்டு ஒரு செல்பி எடுத்துக்கொண்டார். சம்பந்தம் அமையவில்லை. செல்பி நன்றாக வந்திருந்தது.

வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவன் வாயைத் திறந்தாலே எனக்கு எரிந்தது. அதிலும் அவன் நல்லவனாக இருந்தது இன்னும் மோசம். பட்டப்பெயர் பரவியதும் கடைக்கு ஓடிவந்து, "அண்ணாச்சி, விளையாட்டுக்குச் சொன்னேன், இப்படி ஆகும்னு தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு வீடியோவில் எனக்காக வக்காலத்து வாங்கினான். "எங்க அண்ணாச்சிய யாரும் அட்டைப்பெட்டின்னு சொல்லாதீக" என்றான். அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று.

இதற்காகவா இதைச் செய்தாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. இதற்காக இல்லை, மேடம். நான் அவ்வளவு சின்ன மனிதன் இல்லை. எங்கள் ஒப்பீடுகளில் ஒரு குறை இருந்தது. எல்லாம் நகரத்துக்குள்ளேயே நடந்தன. டவர் தெருவுக்குத் தெரு நிற்கிற இடத்தில் எந்த போனுக்கும் சிக்னல் எடுக்கும். தண்ணீரில் போட்டால் தாங்குமா என்று பக்கெட்டில் முக்கிப் பார்ப்பது சோதனையா? ஒரு நேர்மையான களச் சோதனை நடத்த வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அய்யனார் கோவில் ஆறு இறங்குகிற மலையடிவாரம் அதற்குத் தோதான இடமாகப் பட்டது.

இரண்டு போன்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வழக்குக்கு உதவும். ஜென்ட்ராவில் பேட்டரி பெரியது, திரை வெளிச்சமும் அதிகம். சுள்ளென்ற வெயிலில் எழுத்துத் தெரியும். ஆனால் தண்ணீர் என்றால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். ஓரிக்ஸில் பேட்டரி கொஞ்சம் சின்னது. ஆனால் முழுக்கத் தண்ணீரில் மூழ்கினாலும் ஒன்றும் ஆகாது என்பது கம்பெனியின் வாக்குறுதி. நான்கு மூலையிலும் ஆன்டெனா இருப்பதால் சிக்னலை விடாது என்பது இன்னொரு வாக்குறுதி. கம்பெனிகள் என்ன வேண்டுமானாலும் சொல்லும். சோதித்துப் பார்க்க வேண்டியது நம் கடமை. ஓரிக்ஸ் தனக்கு வேண்டும் என்று அவனே கேட்டான். கொடுத்தேன். ஏன் கேட்டான் என்பது காரில் போகும்போதுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, ஓரிக்ஸ்காரவுக அடுத்த மாடலைச் சென்னையில வெளியிடுறாக. என்னைய வரச் சொல்லிருக்காக."

"நல்ல விஷயந்தானே தம்பி."

"என்னைய மட்டுந்தான் கூப்பிட்டிருக்காக. தப்பா எடுத்துக்கிராதீக. உங்களப் பத்தியும் சொன்னேன். விவரம் பூராவும் எங்க அண்ணாச்சிதான் பாத்துச் சொல்லுவாருன்னு சொன்னேன்."

"அவிய என்ன சொன்னாக?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். "சிரிச்சாக" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் 'அப்படியா, ரொம்ப சந்தோஷம்' என்றார்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருப்பார்கள். அவனுக்குப் பொய் சொல்ல வராது. விற்பனைத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்தேன். ஐப்பசி மாதம். மலைப்பகுதியில் மதியத்துக்கு மேல் கனமழை என்று முந்தின நாளே ஜென்ட்ராவின் வானிலை ஆப் காட்டியது. துல்லியமான ஆப். அதற்குத் தனியாக மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

ஆற்றங்கரையில் நின்று அவன் முன்னுரையைப் பதிவு செய்தான். அதை நீங்கள் பலமுறை போட்டுப் பார்த்திருப்பீர்கள். "மக்களே, நான் மேல ஆத்து நடுவுல இருக்கிற பாறையில உக்காந்து ஓரிக்ஸ்ல படம் ஓட்டப்போறேன். அண்ணாச்சி கீழ உக்காந்து ஜென்ட்ராவுல அதே படம் ஓட்டுவாரு. அரை மணிக்கு ஒருக்க நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், சிக்னல் இருக்கான்னு பாக்க. அவரு எடுக்க மாட்டாரு. எடுத்தா சார்ஜும் போயிரும், சோதனையும் போயிரும். என்ன அண்ணாச்சி, மறந்து எடுத்துர மாட்டீகளே?"

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

விதியைச் சொன்னது அவன். ஒப்புக்கொண்டது மட்டுமே நான். காதில் ஓரிக்ஸ் கம்பெனியின் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டான். வெளிச்சத்தம் காதுக்குள் வராமல் அடைக்கும் வசதியை நானே போட்டுவிட்டேன். நானும் ஜென்ட்ராவின் இயர்பட்ஸை அதே அளவில் வைத்துக்கொண்டேன். நிபந்தனை ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா. அவன் பாறைக்குப் பாறை தாவி மேலே போனான். கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கீழே, பாதையை மறிக்கப் போடுகிற வனத்துறைச் சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன்.

ஊரில் நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் மேகம் இறங்கிக் கறுத்திருந்தது. ராஜபாளையத்தில் பிறந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். உச்சியில் பெய்கிற மழை நமக்குத் தெரியாது. ஆறு வந்து சொல்லும். குளித்துக்கொண்டிருக்கிறவன் துண்டை எடுப்பதற்குள் இடுப்பளவு வந்து நிற்கும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி மீட்கப்படுவது வருடா வருடம் செய்தித்தாளில் வருவதுதான். அவனுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் அவன் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும் என்றால் அப்படித்தான் உட்கார வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.

முதல் மிஸ்டு கால் ஒழுங்காக வந்தது. இரண்டு மணி அடித்து நின்றது. ஓரிக்ஸின் ஆன்டெனா ஏமாற்றவில்லை.

பிறகு வனத்துறை வாட்சர் பொன்னுராஜ் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தார். "மேல மழை பிடிச்சிருச்சு, எல்லாரும் வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் விரட்டினார். பாவம், பொறுப்பான மனிதர். ஒவ்வொருவராக எண்ணி வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். நான் இயர்பட்ஸைக் கழற்றிப் பையில் போட்டேன்.

"அண்ணாச்சி, உங்க கூட ஒருத்தர் வந்தாரே, எங்க?"

"அவரு அப்பவே இறங்கிப் போயிட்டாரே."

"நெசமாவா? மேல ஏறிப் பாத்துட்டு வந்துரவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? எங்கூட டீ குடிச்சிட்டுத்தான் போறாரு."

அவர் சங்கிலியைப் போட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போனார். தயவுசெய்து அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுக்காதீர்கள். நரைத்த தலை, சலவைச் சட்டை, ஊரில் கடை வைத்திருக்கிற ஆள். அவர் நம்பாமல் என்ன செய்வார்? டீயைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு தோன்றியது. நான் சாதாரணமாக இப்படி மிகைப்படுத்துகிறவன் இல்லை.

அடுத்த அழைப்பு அரை மணிக்கு முன்பே வந்தது. மிஸ்டு கால் எது, கூப்பிடுவது எது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிஸ்டு கால் இரண்டு மணியோடு வெட்கப்பட்டு நிற்கும். இது கடைசி வரை அடித்தது. நின்று, உடனே மறுபடி அடித்தது. ஜென்ட்ராவின் மணியோசை கணீரென்று இருந்தது. திறந்தவெளியில்கூடச் சத்தம் சிதறவில்லை. திரையில் அவன் பெயர் வந்து வந்து போனது. ஒவ்வொரு முழு அழைப்புக்கும் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டேன். இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அவன் நூறை அழுத்தியிருக்கலாம், நூற்றுப்பன்னிரண்டை அழுத்தியிருக்கலாம். நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள். மேடம், நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. நம் ஆட்கள் ஆபத்து என்றால் அரசாங்கத்தையா கூப்பிடுவார்கள்? தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் பாம்பு புகுந்தாலும், பைக் சாய்ந்து கால் முறிந்தாலும், "அண்ணே, செத்த வாரீகளா?" என்று பழகியவருக்குத்தான் முதல் போன். அதுவும் தெரிந்தவர் கூப்பிடு தூரத்தில் கரையிலேயே உட்கார்ந்திருக்கும்போது, ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் முகவரி சொல்லிக்கொண்டு எவன் நிற்பான்? அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

பிறகு அழைப்புகள் நின்றன. ஆறு வடிகிற வரைக்கும் காத்திருந்து பொன்னுராஜிடம் போய், தம்பியைக் காணவில்லை, எனக்குத் தெரியாமல் திரும்ப மேலே ஏறியிருப்பான்போல என்று பதறினேன். நன்றாகவே பதறினேன். மறுநாள் காலையில் கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் அவனை எடுத்தார்கள். சட்டையின் ஜிப் வைத்த பையில் ஓரிக்ஸ் இருந்தது. தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார்கள். திரை எரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், நான் மட்டும் போனைப் பார்த்தேன். கம்பெனி சொன்னது பொய் இல்லை.

துக்க வீட்டில் ஒரு வேலையும் பாக்கி வைக்கவில்லை நான். பந்தல், நாற்காலி, பேருந்து நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ், எல்லாம் என் பொறுப்பு. பிளெக்ஸுக்குக் கொடுத்த படம் ஜென்ட்ராவில் எடுத்தது. அந்த போனில் முகத்தை அழகாக்கும் வசதியை முழுக்க அணைக்கவே முடியாது. மாநிறமாக இருந்த மனிதன் மைதா மாவுபோல் வெளுத்துக் கிடந்தான். ஜென்ட்ராவுக்கு அதில் மதிப்பெண் குறைத்தேன்.

ஓரிக்ஸை நீங்கள் அவன் மனைவி முனீஸ்வரியிடம் ஒப்படைத்தீர்கள். அவளுக்கு அதைத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. "நீங்களே வச்சிக்கோங்கண்ணே, எங்கண்ணுல படவேண்டாம்" என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். மீதி இருந்த சார்ஜைப் பார்த்துக் குறித்துக்கொள்ள அது வசதியாகப் போயிற்று.

காரியம் முடிந்ததும் வீடியோவை வெளியிட்டேன். விக்னேஷ்வரனுக்கு அஞ்சலி என்று தொடங்கி, அவன் கடைசியாக நடத்திய சோதனை வீண்போகக் கூடாது என்று சொல்லி, ஒப்பீட்டை முழுமையாகக் கொடுத்தேன். எங்கள் சேனலில் அதைப்போல ஓடிய வீடியோ வேறு இல்லை. யாரும் என்னை அட்டைப்பெட்டி என்று எழுதவில்லை. 'அண்ணாச்சி அழாதீங்க' என்று எழுதினார்கள். நான் அழவில்லை, எனக்கு எதிரே வைத்திருந்த விளக்கின் வெளிச்சம் கொஞ்சம் அதிகம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜென்ட்ரா என் கட்சி. அவன் இல்லாத நிலையில் அதை ஜெயிக்க வைத்திருக்கலாம், கேட்க ஆள் இல்லை. நான் செய்யவில்லை. காட்டாற்று வெள்ளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு போன் இத்தனை முறை அழைப்பை அனுப்பியிருக்கிறது என்றால் அது சாதாரண ஆன்டெனா இல்லை. அந்த உண்மையை மூடிமறைக்க என் மனசாட்சி இடம் தரவில்லை. அதனால் ஜென்ட்ராவில் வந்து விழுந்திருந்த மிஸ்டு கால் வரிசையை அப்படியே திரையில் காட்டினேன். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. 'இதுதான் ஓரிக்ஸ்' என்றேன். புத்தியுள்ள குற்றவாளி எவனாவது அதைக் காட்டுவானா? நானே கேட்டுக்கொண்டேன். ஆனால் நான் விமர்சகன். கிடைத்த விவரத்தை வெட்டி எறிந்து எனக்குப் பழக்கமில்லை.

முனீஸ்வரி கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாற்காலியைப் போட்டேன், உட்காரவில்லை.

"அண்ணே, அந்த வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தேன். இம்புட்டு தடவ கூப்பிட்டிருக்காரு."

"அது சோதனைம்மா. எடுக்கக் கூடாதுன்னு அவரே சொன்னதுதான். நீயும் பாத்திருப்பியே."

"பாத்தேன். அரை மணிக்கு ஒருக்கன்னு சொன்னாரு. இதுல நிமிசத்துக்கு ஒருக்க கிடக்கு."

நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு ஒரு தடவகூட வரலண்ணே. எங்கிட்டயும் சொல்லாம இப்படிப் போயிட்டாரேன்னு கோவமா இருந்துச்சு. பொறவுதான் யோசிச்சேன். என் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. எப்பவும் என் போட்டோவத் தொட்டுத்தான் கூப்பிடுவாரு. நீங்க குடுத்த போன்ல உங்க நம்பர் மட்டுந்தானே இருந்துச்சு?" அவள் குரல் உயரவே இல்லை. "ஒரு தடவ எடுத்திருக்கக் கூடாதாண்ணே?"

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். அழாமல் நின்றுவிட்டு, அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். சங்கடமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டின மனைவியின் பத்து இலக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளாதது யார் குற்றம்? எல்லாவற்றையும் போன் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் என்னை வரச் சொன்னபோது நான் கலங்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஜெயசித்ரா மேடம். எடுக்கக் கூடாது என்ற விதியை அவன் வாயாலேயே போட்டுக் காட்டினேன். நீங்களும் தலையாட்டினீர்கள். வழியனுப்ப எழுந்தும் விட்டீர்கள். பிறகு ஏதோ சந்தேகம் கேட்பதுபோல ஒன்று கேட்டீர்கள்.

"வீடியோ கடைசியில ஓரிக்ஸுக்கு இரைச்சல் நீக்கத்துல பத்துக்குப் பத்து குடுத்திருக்கீங்க. சுத்தி எம்புட்டுச் சத்தம் இருந்தாலும் பேசுறவர் குரல் மட்டும் தெளிவா வருதுன்னு. வழக்கமா நீங்க ரெண்டு பேரும் நூல் மில்லுக்குள்ள நின்னு பேசித்தானே அதைப் பாப்பீங்க? இந்தப் போனை மில்லுக்குக் கொண்டுபோகவே இல்லையாமே. ஒரு அழைப்பையும் எடுக்கலைன்னா, குரல் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தில் இல்லை. அந்த மதிப்பெண் வீடியோவின் கடைசியில் வருகிறது. அஞ்சலி முடிந்து, பாட்டு முடிந்து, பேட்டரி, திரை எல்லாம் முடிந்து, ஆட்கள் எல்லோரும் எழுந்து போனபிறகு வருகிறது. இத்தனை வருடத்தில் என் வீடியோ ஒன்றைக் கடைசி வரை பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான், மேடம். அதுவும் விவரம் புரிந்து பார்த்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் மறைப்பது முறையில்லை என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன்.

ஆமாம், ஒன்றை எடுத்தேன். எத்தனையோ அடித்து ஓய்ந்தபிறகு, இனி அதிகம் வராது என்று தோன்றியபோது எடுத்தேன். விதியை மீறியதுதான். ஆனால் இரைச்சல் சோதனை ஒன்றுதான் பாக்கி இருந்தது. அந்த ஆறு போட்ட சத்தத்தை எந்த மில்லிலும் நான் கேட்டதில்லை. அப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்பக் கிடைக்காது.

"அண்ணாச்சி, எடுத்துட்டீகளா?" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் என்னவென்று சொல்ல? "தண்ணி நெஞ்சுக்கு வந்துருச்சு. ஒத்தக் கையால பாறையப் பிடிச்சிட்டு நிக்கிறேன். வாட்சர்ட்டச் சொல்லிக் கயிறு கொண்டாரச் சொல்லுங்க. சீக்கிரம் அண்ணாச்சி. முனீஸ்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீக, பயந்துருவா."

சொல்லுக்குச் சொல் அப்படியே வந்தது. வெள்ளத்தின் இரைச்சல் பக்கத்து வீட்டில் குழாய் திறந்துவிட்டதுபோல எங்கோ பின்னால் கேட்டது. அவன் குரல் மட்டும் என் அருகில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. பல் தந்தியடிப்பதுகூடத் தனியாகக் கேட்டது. நான் பதில் சொல்லாமல் கவனித்துக்கொண்டிருந்ததால், அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி? நான் பேசுறது கேக்குதா?"

"தெளிவாக் கேக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்தேன். சாகப்போகிற மனிதனிடம் பொய் சொல்கிற ஆள் நானில்லை, மேடம்.